தேய்மானத்தின் குற்றவாளி யார்?

ரேடியோ அலைகளால் இயங்கும் பக்கி வண்டிகளின் உலகில் ஒரு பழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. டயர் விரைவில் தேய்ந்தால் டயரைப் பழிப்பார்கள். ரப்பர் மட்டம், கலவை மட்டம், சென்ற ஆண்டு வந்த சரக்கு நன்றாக இருந்தது, இவ்வாண்டுச் சரக்கு கெட்டுவிட்டது என்றெல்லாம் பேச்சு வளரும். பிறகு புதுச் சோடி ஒன்று வாங்கப்படும். அதுவும் அதே இடத்தில், அதே வேகத்தில் தேயும். பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி டயரன்று என்பதும், வண்டியின் வயிற்றுக்குள் எவர் கண்ணுக்கும் படாமல் சுழன்றுகொண்டிருக்கும் டிஃபரன்ஷியலே என்பதும் என் தரப்பு. இதை ஒப்புக்கொள்ளாததன் விலையைப் பந்தயத்தில் முதலிடம் பெறுபவர் தருவதில்லை. அவருக்கு டயர் இலவசமாக வருகிறது. கைக்காசைச் செலவழித்து ஓட்டுகிறவர்தான் தருகிறார். இரண்டாம் பருவத்தோடு வண்டியை மூட்டைகட்டி விற்றுவிட்டுப் போகிறவரும் அவர்தான்.

பொம்மைக் காருக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்போர் இருக்கக்கூடும். பொம்மை என்னும் சொல்லை நான் மறுக்கப் போவதில்லை. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1979-இல் வெளியிட்ட சாண்ட் ஸ்கார்ச்சரும் 1984-இல் வெளியிட்ட ஹார்னெட்டும் கடைகளில் பொம்மைகளுக்கு நடுவில்தான் அடுக்கப்பட்டன. ஆனால் அதே 1984-இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் ஆர்சி10 என்னும் வண்டியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே கலிஃபோர்னியாவின் டெல் மார் நகரில் பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகளுக்கான முதல் உலகப் பந்தயம் நடைபெற்றது; 1986-இல் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு பிரான்சின் கிரனோபிளில் நடைபெற்றது. அன்றிலிருந்து இது விளையாட்டு. அதிலும் எட்டில் ஒரு பங்கு அளவு பக்கி என்பது 3.5 கன சென்டிமீட்டர் எஞ்சினும், நான்கு சக்கர இயக்கமும், 3,200 கிராமுக்குக் குறையாத எடையும் கொண்ட பொறி. உலகப் பந்தயத்தின் இறுதிச் சுற்று ஒரு மணி நேரம் நடக்கும். இடையிடையே எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். டயரையோ, பழுது ஏற்பட்டாலொழிய, எளிதில் மாற்றமாட்டார்கள். மாற்றுவதற்குச் செலவாகும் நொடிகளில் பந்தயமே போய்விடக்கூடும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு ரப்பர் தாங்குமா என்பது இங்கே வெறும் சிக்கன யோசனை மட்டுமன்று.

டிஃபரன்ஷியல் என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் நீண்ட பாதையிலும் உள் சக்கரம் குறுகிய பாதையிலும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால் ஏதோ ஒன்று தரையில் இழுபட்டுத்தான் ஆகவேண்டும். இந்தச் சிக்கலுக்குச் சாய்வுப் பற்சக்கரங்களால் விடை கண்டு 1827-28 வாக்கில் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் ஒனெசிஃபோர் பெக்கர் கடிகாரத் தொழிலில் இருந்தவர். நீராவி வண்டிக்காக அவர் செய்த அமைப்புதான் இன்று உள்ளங்கையில் அடங்கும் அளவில் பக்கிக்குள் இருக்கிறது, ஒன்றன்று, மூன்று. முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஆற்றலைப் பங்கிட்டுத் தரும் மைய டிஃபரன்ஷியல் ஒன்று.

எட்டில் ஒரு பங்கு அளவு பக்கியில் இடம் வலம் டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் இருக்கும். வண்டி ஓர் அரைவட்டம் திரும்பினால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடவேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த எண் மாறுவதில்லை என்பதுதான் இதில் அழகு. ஆரம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். எஞ்சுவது அகலமும் பையும் மட்டுமே. 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உருளும். ஆகவே ஒவ்வொரு அரைவட்டத்துக்கும் இரண்டு சுற்றுக்கு மேல் வித்தியாசம் ஏற்படுகிறது. அந்த இரண்டு சுற்றையும் டிஃபரன்ஷியல் விழுங்கிக்கொள்ளாவிட்டால் ரப்பர்தான் விழுங்கவேண்டும். களிமண் தளத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வளைவுகள் வரும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

அப்படியென்றால் டிஃபரன்ஷியலை முழுதும் தளர்வாக விட்டுவிடலாமே என்றால், அங்கேதான் வினை. தளர்ந்த டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவோ அந்தச் சக்கரத்தை வெறிபிடித்தாற்போல் சுழலவிடும். பிடிமானம் உள்ள சக்கரம் கைகட்டி நிற்கும். இதைத் தடுக்கத்தான் பெட்டிக்குள் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றுகிறோம். எண்ணெயின் பாகுத்தன்மை சென்டிஸ்டோக்ஸ் என்னும் அலகில் சொல்லப்படுகிறது. தண்ணீர் ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக்ஸ். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுவதோ ஆயிரக்கணக்கில். 5,000 என்றால் ஏறக்குறைய தேனின் பதம். இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல முற்படும்போது இந்தப் பாகு தடுக்கும். மெதுவாகச் சுழன்றால் விட்டுக்கொடுக்கும். வேகமாகச் சுழன்றால் முறைக்கும். வளைவின் நிதானமான வித்தியாசத்தை அனுமதித்து, வெற்றுச் சுழற்சியை மட்டும் அடக்கும் இந்தக் குணம் எத்தனை எளிய ஏற்பாட்டிலிருந்து கிடைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே.

பந்தயக்காரர்கள் இதை மூன்று எண்களால் குறிப்பார்கள். ஏழு-ஏழு-மூன்று என்றால் முன்னே 7,000, மையத்தில் 7,000, பின்னே 3,000. ஐந்து-ஐந்து-இரண்டு என்றால் மேலும் தளர்வான அமைப்பு. வெற்றி பெற்றவரின் அமைப்புத்தாள் வெளியானதும் அந்த மூன்று எண்களை மந்திரம்போல் உருப்போட்டுத் தங்கள் வண்டிகளில் ஊற்றிக்கொள்வோர் ஏராளம். அந்த எண்கள் அவருடைய தளத்துக்கும், அவருடைய எஞ்சினுக்கும், விசையை அழுத்தும் அவருடைய விரலுக்கும் உரியவை. நம் வண்டி என்ன சொல்கிறது என்பதை நம் டயரில்தான் பார்க்கவேண்டும். அந்த டயரையோ இவர்கள் பந்தயம் முடிந்ததும் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

முதலில் மைய டிஃபரன்ஷியல். தேய்மானத்தில் பெரும்பங்கு இதன் கைங்கரியம். வண்டி முடுக்கப்படும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரங்கள் இலேசாகின்றன, சில நேரம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கின்றன. மையத்தில் எண்ணெய் நீர்த்திருந்தால் ஆற்றல் முழுதும் அந்த இலேசான முன் சக்கரங்களுக்கு ஓடிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காக உருளும் டயரே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றுச் சுற்றுகிறது. பிடிமானமின்றிச் சுழலும் சக்கரம் இதனினும் பலமடங்கு வேகம் எடுக்கும். மென்மையான ரப்பர் அந்த வேகத்தில் பலூனைப்போல உப்புகிறது. தரையைத் தொடுவது நடுவிலுள்ள குறுகிய பட்டை மட்டுமே. ஓட்டம் முடிந்து பார்த்தால் முன் டயர்களின் நடுப்பகுதி வழுக்கை, ஓரங்களில் பின்கள் புத்தம் புதிதாக நிற்கும். உரிமையாளர் என்ன செய்கிறார்? முன்னுக்கு மட்டும் கடினமான கலவை வாங்குகிறார். கடின ரப்பருக்குப் பிடிமானம் இன்னும் குறைவு, இன்னும் சுழலும். ஐயாயிரத்துக்குப் பதில் ஏழாயிரமோ பத்தாயிரமோ ஊற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் சங்கதி. ஒரு புட்டி எண்ணெயின் விலை ஒரு சோடி டயரின் விலையில் பாதிகூட வராது. அது பல முறைக்கு உதவும்.

மறு எல்லையும் ஆபத்தானதே. பாகு மிதமிஞ்சித் தடித்தால் முன் அச்சும் பின் அச்சும் ஏறத்தாழ ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடுகின்றன. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகன்ற வட்டத்தில் ஓடுகின்றன என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த வேறுபாட்டுக்கு இடமில்லாமற் போகிறது. மேலும் முடுக்கும்போது எடை ஏறியிருக்கும் பின் சக்கரங்கள்மீதே ஆற்றல் முழுதும் இறங்கும். பின் டயர்கள் கரையும். நேர்ப்பாதையில் அம்புபோல் போகும் வண்டி மேடுபள்ளத்தில் துள்ளித் தடுமாறும்.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லவேண்டும். டிஃபரன்ஷியல் டயரைத் தேய்க்கிறது என்றால், தேய்ந்த டயரும் டிஃபரன்ஷியலை வதைக்கிறது. எட்டில் ஒரு பங்கு அளவு பக்கியில் நான்கு சக்கரங்களும் ஒரே அளவு. முன் டயர்கள் தேய்ந்து 112 மில்லிமீட்டர் விட்டம் 110 ஆகிவிட்டது என்று கொள்வோம். நூறு மீட்டர் ஓட்டத்தில் பின் சக்கரம் 284 சுற்று, முன் சக்கரம் 289 சுற்று. நேர்ப்பாதையில்கூட மைய டிஃபரன்ஷியலுக்கு ஓய்வில்லை. நூறு மீட்டருக்கு ஐந்து சுற்று வித்தியாசத்தை இடைவிடாமல் அது சமாளிக்கவேண்டும். எண்ணெய் நீர்த்திருந்தால் பரவாயில்லை. தடித்திருந்தால் அந்த முரண் டயருக்கே திரும்பிவரும். முன்னே பழைய சோடி, பின்னே புதுச் சோடி என்று சிக்கனம் பிடிப்பவர்கள் வெர்னியர் வைத்து ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் காட்டும் அடையாளங்கள் சற்று நுட்பமானவை. முன்னே எண்ணெய் நீர்த்திருந்தால் வளைவிலிருந்து முடுக்கிக்கொண்டு வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் வீணே சுழலும். பெரும்பாலான வளைவுகள் வலப்பக்கமாக அமைந்த தளத்தில் வலது முன் டயர் முந்தித் தேய்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். இடது டயர், அதிலும் அதன் வெளித்தோள், தேய்ந்திருந்தால் கதை வேறு. அது வளைவின் சுமை, டிஃபரன்ஷியலைக் குறைகூற முடியாது, கேம்பர் கோணத்தைப் பார்க்கவேண்டும். நான்கு டயர்களிலும் உள்விளிம்பே தேய்ந்தால் கேம்பர் மிகையாகச் சாய்ந்திருக்கிறது. பின்களின் எந்த விளிம்பு மழுங்கியது என்பதும் ஒரு சான்றுதான். உருளும் திசையிலுள்ள விளிம்பு மழுங்கினால் சுழற்சியின் வேலை. பக்கவாட்டு விளிம்பு மழுங்கினால் சறுக்கலின் வேலை. பழுத்த ஓட்டுநர்கள் இடச் சக்கரத்தை வலத்திலும் வலச் சக்கரத்தை இடத்திலும் மாற்றி மாட்டுவதைப் பார்க்கலாம். உருளும் திசை தலைகீழாகும். மழுங்காத விளிம்பு வேலைக்கு வரும். செலவில்லாத வைத்தியம்.

பத்தில் ஒரு பங்கு அளவுப் பின்சக்கர இயக்க வண்டிகளில் நெடுங்காலம் கோலி டிஃபரன்ஷியலே ஆண்டது. பற்களே இல்லை; இரண்டு வளையங்களுக்கு நடுவே சிறு குண்டுகள், அவற்றை அழுத்த ஒரு திருகும் வில்லும். மிருதுவான இயக்கம், ஆனால் தளர்த்தினால் வழுக்கித் தன்னைத்தானே தின்றுகொள்ளும். இரு பின் சக்கரங்களையும் கையால் பிடித்துக்கொண்டு பெரிய பற்சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். ஸ்லிப்பர் கிளட்ச் முதலில் வழுக்கவேண்டும், டிஃபரன்ஷியல் வழுக்கவே கூடாது. 2010-களில் எண்ணெய் நிரப்பிய பற்சக்கர வகை இவ்வண்டிகளிலும் பெருமளவு திரும்பிவந்துவிட்டது. பராமரிப்புக் குறைவு என்பது காரணம். எனக்குக் கோலி வகைமீது சிறு பாசம் உண்டு. அதற்கு நியாயம் எதுவும் சொல்ல முடியாது.

இன்னொரு முரணையும் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. பிடிமானம் மிகுந்த உள்ளரங்கக் களிமண் தளங்களில் தேய்ந்த டயர்தான் வேகமானது. நெடிய பின்கள் அங்கே வளைந்து நெளிந்து வண்டியைத் தள்ளாட வைக்கும். அரைத் தேய்மானத்தில் பின்கள் குட்டையாகி உறுதிபெறும். புது டயரை வாங்கி, அதை உராய்வுத்தாளால் தேய்த்துப் பாதி ஆயுளைப் போக்கிவிட்டுப் பந்தயத்தில் இறக்குகிறவர்கள் உண்டு. பின்களே இல்லாத வழவழப்பு டயர்களும் பிறகு வந்தன. ஆக, தேய்மானம் என்றாலே இழப்பு என்னும் எண்ணமும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. எங்கே, எந்த வடிவில் தேய்ந்தது என்பதே பொருட்படுத்தத் தக்கது. சமமாகத் தேய்ந்த டயர் வண்டி ஒழுங்காக இருப்பதற்கான நற்சான்று. அதை எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுகிறவர் தன் வேகத்தைத் தானே எறிகிறார்.

2000-களின் பிற்பகுதியில் தூரிகையற்ற மோட்டாரும் லித்தியம் பாலிமர் மின்கலமும் எட்டில் ஒரு பங்கு அளவுக்கும் பரவிய பின் நிலைமை மேலும் கடுமையாயிற்று. எஞ்சின் மெல்லச் சூடுபிடித்து உச்சத்துக்கு ஏறும். மின்மோட்டாரோ தொட்டதும் முழு முறுக்கத்தையும் கொட்டும். எஞ்சின் வண்டியில் கிளட்ச் வழுக்கிச் சற்றே தணிக்கிறது. மின்வண்டி பலவற்றில் அந்தத் தணிப்பு கிடையாது. அத்தனை அதிர்ச்சியும் மைய டிஃபரன்ஷியலில் இறங்குகிறது. அதனால்தான் மின்பக்கிக்காரர்கள் மையத்தில் தடித்த எண்ணெயை நாடுகிறார்கள். எஞ்சின் வண்டிக்கான எண்களை அப்படியே மின்வண்டியில் ஊற்றிவிட்டு முன் டயர் பலூனாகிறதே என்று புலம்புவோரைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

இனி, கொள்கையளவில் ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் பத்தில் ஒரு பங்கு அளவுப் பந்தயங்களில், குறிப்பாகச் செயற்கைப்புல் தளங்களில், அனைவரும் ஒரே வகை டயரையே பூட்டவேண்டும் என்னும் கட்டுப்பாட்டு டயர் முறை பழக்கத்தில் இருக்கிறது. இதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். உள்ளூர்ச் சங்கப் பந்தயங்களுக்கும் வரவேண்டும் என்பேன். வகையோடு நிற்காமல் ஒரு பந்தய நாளுக்கு இத்தனை சோடி என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்படவேண்டும். எதிர்த்தரப்பின் வாதம் எனக்குத் தெரியாததன்று. டயர் நிறுவனங்களிடையே போட்டி இருந்தால்தான் கலவையும் வடிவமும் முன்னேறும் என்கிறார்கள். உண்மைதான், இன்றைய மென்கலவைகளும் மூடிய நுரைப்பஞ்சு உட்பட்டைகளும் அந்தப் போட்டியில் விளைந்தவையே. உட்பட்டை நைந்து தோல் மட்டும் மிஞ்சிய பழைய திறந்த நுரைக் காலத்துக்குத் திரும்ப எவரும் விரும்பமாட்டார். ஆனால் அந்த முன்னேற்றம் தொழில்முறைப் பந்தயங்களில் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சங்கப் பந்தயத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி ஒரே சோடியோடு வந்து நிற்க, எதிரே ஒருவர் தகுதிச் சுற்றுக்கு ஒரு சோடி, இறுதிச் சுற்றுக்கு ஒரு சோடி என்று பெட்டி பெட்டியாய்த் திறப்பதில் எந்த முன்னேற்றமும் இல்லை. டயர் எல்லாருக்கும் ஒன்றே என்றாகிவிட்டால் போட்டி டிஃபரன்ஷியலுக்கும் சஸ்பென்ஷனுக்கும் விரலுக்கும் நகரும். அந்தப் பிள்ளை எண்ணெய் மாற்றக் கற்றுக்கொண்டால் பெட்டிக்காரரை முந்த வாய்ப்புண்டு.

விற்பனையாளர்களை இதில் குறைசொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவர்களுக்கும் கடை நடக்கவேண்டும். இருப்பினும், நடுவழுக்கையான முன் டயரைக் கையில் ஏந்திவரும் புதியவரிடம் மையத்தில் என்ன எண்ணெய் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு டயரை எடுத்துக் கொடுக்கலாம். நான் அறிந்த கடைகளில் அப்படிக் கேட்பவர் அரிது.

கேட்டாலும் பலருக்கு விடை தெரியாது என்பது வேறு விஷயம். வண்டி வாங்கியபோது தொழிற்சாலையில் ஊற்றியது எதுவோ அதுவே இரண்டாண்டு ஓடும். சிலிக்கோன் எண்ணெய் சூட்டுக்கு எளிதில் இளகாது என்பது மெய். என்றாலும் அது சாகாவரம் பெற்றதன்று. பற்கள் உரசி உதிரும் உலோகத்தூள் கலந்து சாம்பல் நிறமாகும். அடைப்பு வளையங்களின் வழியே கசியும். அளவு குறையக் குறைய ஏழாயிரம் என்று பெயர்கொண்ட எண்ணெய் மூவாயிரம்போல் நடந்துகொள்ளும். திறந்து, கழுவி, குறுக்கு ஊசிகள் மூழ்கும் மட்டும் ஊற்றி, காற்றுக்குமிழிகள் மேலெழும்வரை பொறுத்திருந்து மூடவேண்டும். விளிம்புவரை ததும்ப ஊற்றினால் எண்ணெய் சூடேறி விரிகையில் அடைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஊற்றிய அளவைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்கிறவர்களை நான் மதிக்கிறேன். அடுத்த முறை அதே அளவு ஊற்றினால்தான் மாற்றியது எண்ணெயையா அளவையா என்ற குழப்பம் வராது. புட்டியில் சென்டிஸ்டோக்ஸ் என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிட் என்று மட்டும் எண் போட்டிருந்தால் ஒரு நிறுவனத்தின் எண்ணும் மற்றொன்றின் எண்ணும் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை.

முதல் முயற்சிக்கு மையத்தை மட்டும் மாற்றுங்கள். முன்னையும் பின்னையும் தொடாதீர்கள். அதே டயர், அதே தளம், ஒரு தொட்டி எரிபொருள். பிறகு நான்கு டயர்களையும் வரிசையாக மேசையில் வைத்து, நடுவிலும் ஓரத்திலும் பின்களின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.